போடி ரயிலும் பொம்மை ரயிலும்

நவராத்திரிக் கொலுவைப் போல் சட்டதிட்டம் இல்லாத ராஜ்யம் உலகத்தில் வேறு கிடையாது. படிகள் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அங்கே சட்டம். தசாவதாரத்துக்குக் கீழே காந்தி மகான் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் செட்டியாரும் செட்டிச்சியும் அரிசி பருப்புக் கடை வைத்திருப்பார்கள். கடைக்கு எதிரே கல்யாண ஊர்வலம் போகும். தரையிலே, கேழ்வரகு முளைத்த பசும்புல் வெளியைச் சுற்றி ஒரு பொம்மை ரயில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது எந்த ஊர் ரயில், எந்த வருஷத்து ரயில், எங்கே போகிறது என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டால் சுண்டல் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயமும் ஒரு காரணம்.

சென்ற நவராத்திரியில், அப்படிக் கேட்கிற வீடு ஒன்றுக்கே போய்ச் சேர்ந்தோம். அது தேனியில் இருக்கிறது. வீட்டுக்காரர் நமது பழைய நண்பர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1939-ஆம் வருஷம் போடிநாயக்கனூரில் பிறந்தவர். அவருடைய பேத்தி மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். கொலு முழுவதும் பாட்டியின் அதிகாரத்தில் இருந்தாலும், தரையில் ஓடும் ரயில் மட்டும் பேத்தியின் இலாகா.

அதற்கு முந்தின வருஷம் அவளும் எல்லாரையும் போலக் கடையில் ஒரு ரயில் வாங்கி, வட்டமாகத் தண்டவாளம் போட்டு, "போடி" என்று அட்டையில் எழுதி நட்டிருந்தாளாம். கொலுப் பார்க்க வந்தவர்களில் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் இருந்தார். அவர் சுண்டலைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் இது போடி ரயில் அல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாயிற்று. பேத்தி பன்னிரண்டு மாதம் தூங்கவில்லை என்று பாட்டி சொன்னாள். பாட்டிகள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்கள்.

பெரியவர் கண்ட குற்றங்கள் என்னவென்று விசாரித்தோம். அவற்றைத் தெரிந்துகொண்டால் இந்தக் கலையின் நுட்பம் முழுவதும் தெரிந்தாற்போல் ஆகும்.

முதல் குற்றம், வட்டம். பொம்மை ரயில் புறப்பட்ட இடத்துக்கே சுற்றிச் சுற்றி வரும். போடி ரயில் அப்படி வந்ததே இல்லை. மதுரையில் புறப்பட்டு, உசிலம்பட்டியைத் தாண்டி, கணவாயைக் கடந்து, ஆண்டிபட்டி, தேனி வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் ஓடி, போடிநாயக்கனூரில் மலை எதிரே நிற்க, அதுவும் நின்றுவிடும். அதற்கு அப்பால் பாதை இல்லை. இஞ்சின் கழன்று, பக்கத்துப் பாதை வழியாக வந்து, பெட்டிகளின் மறு கோடியில் மாட்டிக்கொண்டால்தான் மதுரைக்குத் திரும்பலாம். ஆகையால் போடி ஸ்டேஷனைச் செய்கிறவர் இஞ்சின் சுற்றி வருவதற்கு ஒரு பக்கப் பாதையும் செய்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் ரயில் அங்கேயே குடியிருக்க வேண்டியதுதான்.

இரண்டாவது குற்றம், இஞ்சின். மேஜை மேல் இருந்தது ஒய்.பி. என்ற வகை நீராவி இஞ்சின். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெருஞ்சக்கரம், பின்னால் இரண்டு சிறு சக்கரம் உள்ளது. பார்க்க வெகு கம்பீரமானது. ஆனால் இந்தியாவுக்கு முதல் ஒய்.பி. வந்ததே 1949-இல். அதைக் கொண்டுவந்து 1935-ஆம் வருஷத்து ரயிலுக்கு முன்னால் மாட்டுவது, பேரனைத் தாத்தாவின் கல்யாணத்துக்குப் புரோகிதம் பண்ணச் சொல்வது போன்றது.

மூன்றாவது, பெட்டியின் மேல் எழுதியிருந்த பெயர். அது தெற்கு ரயில்வே என்று இருந்தது. தென்னிந்திய ரயில்வேயும், மதராஸ் தென் மராட்டா ரயில்வேயும், மைசூர் ரயில்வேயும் ஒன்று சேர்ந்து தெற்கு ரயில்வே உண்டானது 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி. போடிப் பாதை திறக்கப்பட்டது 1928-இல்; திறந்தது தென்னிந்திய ரயில்வே. 1935-இல் அந்தப் பெயரைத்தான் எழுதியிருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு என்ற எழுத்தும் அக்காலத்துப் பெட்டியில் இருக்க வேண்டும். 1974-இல் அந்த வகுப்பையே எடுத்துவிட்டார்கள். ஆகையால் அதற்குப் பிந்திய ரயிலில் அந்த எழுத்து இருந்தால் தப்பு. அதே எழுத்து ஒரு வருஷத்தில் இல்லாவிட்டால் பிழை. இன்னொரு வருஷத்தில் இருந்தால் பிழை!

நான்காவது குற்றம், பின்னால் தொங்கிய திரை. பாட்டி ஆசையோடு வைகை அணையை எழுதி மாட்டியிருந்தாள். அணை திறந்தது 1959-இல். ரயில் 1935-ஐச் சேர்ந்தது.

ஐந்தாவது குற்றந்தான் நமக்கு மிகவும் ருசித்தது. பேத்தி மலை மேல் ஒரு குட்டி ரயில் வைத்து, மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகளைப் போடி ரயிலுக்கு இறக்கி அனுப்பியிருந்தாள். குட்டி ரயில் இருந்தது வாஸ்தவம். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே என்று அதற்குப் பெயர். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுத்த வண்டியாக ஆரம்பித்து, 1908-இல் இரண்டு அடி அகலப் பாதையாக மாறி, மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலை கொண்டுவந்தது. அங்கிருந்து கம்பி வழியில் கொட்டகுடிக்குச் சரக்கு இறங்கும். பிறகு வண்டி கட்டிப் போடிக்கு வரும். ஆனால் 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. அதை மறுபடி கட்டவில்லை. கீழே போடிக்கு ரயில் வந்தது 1928-இல். ஆக, மலை மேல் ஒரு ரயிலும் மலைக்குக் கீழ் ஒரு ரயிலும் இருந்தது உண்மை. இரண்டும் ஒரே காலத்தில் இருந்ததில்லை. நான்கு வருஷ வித்தியாசத்தில் ஒன்றை ஒன்று பார்க்காமலே போய்விட்டன. பொம்மைகளாகச் செய்தவர்கள்தான் அவற்றைச் சேர்த்துவைக்க முடியும். சேர்த்துவைத்தால் அது பொய்.

இதையெல்லாம் கேட்டபோது, "ஒரு பொம்மைக்கு இத்தனை வியாஜ்யமா?" என்று நேயர்களுக்குத் தோன்றலாம். நமக்கும் தோன்றிற்று. ஆனால் யோசித்துப் பாருங்கள். பொம்மை ரயில் என்ற விளையாட்டு மேல்நாட்டில் பிறந்தது. ஜெர்மனியில் மார்க்லின் என்பவர்கள் 1891-லேயே பொம்மைத் தண்டவாளத்துக்கு அளவு திட்டம் செய்தார்கள். லிவர்பூலில் ஹார்ன்பி ரயில்கள் 1920-இல் வந்தன. அந்நாட்டுக் குழந்தை தன் ஊர் ஸ்டேஷனில் பார்த்த வண்டியையே கடையில் வாங்கலாம். நம் குழந்தைக்குக் கிடைத்தது என்ன? லண்டனுக்குப் போகிற ரயில்! அதில் ஆண்டிபட்டியும் இல்லை, உசிலம்பட்டியும் இல்லை. நம் ஊர் ரயில் வேண்டுமானால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். செய்வது என்று ஏற்பட்டபின், ஏன் சரியாகச் செய்யக் கூடாது?

பேத்தி சரியாகவே செய்தாள். எடுத்துக்கொண்ட அளவு எண்பத்தேழில் ஒன்று. உலகத்தில் பெரும்பாலோர் கையாளும் அளவு அதுதான். அந்தக் கணக்கில் நம்மைப் போன்ற ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் இருப்பார். மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகும். சுவிட்ஸர்லாந்தின் மலை ரயில்களில் பல மீட்டர் கேஜைச் சேர்ந்தவை. அவற்றின் மாதிரிகளுக்காக விற்கும் 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் நம் போடி ரயிலுக்கும் ஏறக்குறையப் பொருந்துகிறது. ஆனால் இப்போது போடிக்கு ஓடும் பிராட் கேஜ் ரயிலுக்கு அது உதவாது. 1,676 மில்லிமீட்டரை எண்பத்தேழால் வகுத்தால் 19-க்கு மேல் வருகிறது. கடைகளில் சாதாரணமாக விற்கும் பதினாறரை மில்லிமீட்டர்த் தண்டவாளம் மேல்நாட்டுப் பாதைக்குச் சரி. நம் பிராட் கேஜுக்குக் குறுகல். ஆகவே அதற்குப் பித்தளைக் கம்பியை வைத்துத் தானே பாதை போட்டாள். பெட்டிகளெல்லாம் அட்டையில் வெட்டியவை.

அளவு இன்னொரு பாடமும் கற்பிக்கிறது. இதே கணக்கில் மதுரை முதல் போடி வரை முழுப் பாதையையும் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இடம் வேண்டும். கூடத்தில் ஆரம்பித்தால் ரயில் தெருக்கோடியைத் தாண்டிக் கடைவீதிக்குப் போய்விடும். ஆகவே எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பேத்தி போடி ஸ்டேஷன் ஒன்றையே எடுத்துக்கொண்டாள். அந்த ஒரே இடத்தை ஐந்து வருஷங்களில் காட்டுவதாக ஐந்து பலகைகள் செய்தாள். ஒற்றைப்படையாயிற்றே என்று பாட்டியும் சம்மதித்தாள்.

முதல் பலகை 1935. தென்னிந்திய ரயில்வேயின் பழைய படம் ஒன்றைப் பார்த்துச் செய்த நீராவி இஞ்சின். மூன்றாம் வகுப்புப் பெட்டிகள். ஏலக்காய் மூட்டைகளோடு மாட்டு வண்டிகள். மூன்றாவது பலகை 2009. அதில் ஒய்.டி.எம். 4 என்ற டீசல் இஞ்சின். அதே மீட்டர் கேஜ். ஐந்தாவது பலகை 2024. பிராட் கேஜ், சென்னைக்குப் போகும் எக்ஸ்பிரஸ். அந்த எக்ஸ்பிரஸ் 2023 ஜூன் 15-ஆம் தேதி போடிக்கு வர ஆரம்பித்தபோது வாரத்துக்கு மூன்று நாள் என்று ஏற்பாடு. ஆகையால் பேத்தி வாரத்தில் மற்ற நாட்களில் அதைப் பலகையிலிருந்து எடுத்து உள்ளே வைத்துவிடுகிறாள்! நாம் போன தினம் வண்டி இல்லாத தினம். அலமாரியைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது பலகையிலும் நான்காவது பலகையிலும் ரயிலே இல்லை.

நான்காவது பலகை 2015. மீட்டர் கேஜை அகலப்படுத்துவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியோடு போடி ரயிலை நிறுத்தினார்கள். தேனி வரை மறுபடியும் ரயில் ஓடியது 2022 மே மாதத்தில்; போடிக்கு அதற்கும் அடுத்த வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடிக்கு ரயில் கிடையாது. எனவே 2015-ஆம் வருஷத்துப் பலகையில் மண் மேடும் சீமைக் கருவேல முள்ளுமே இருந்தன. பேத்தியின் தம்பி, எட்டு வயதுப் பையன், "ஐந்து பலகை என்றாள், மூன்று ரயில்தான் வைத்திருக்கிறாள்" என்று நம்மிடம் பிராது கொடுத்தான்.

இரண்டாவது பலகைக்கு வருவோம். அதுதான் வீட்டில் சச்சரவை உண்டாக்கிற்று. அது 1944-ஆம் வருஷம்.

யுத்த காலத்தில் இந்திய ரயில்வேக்களிலிருந்து இஞ்சின்களும் வண்டிகளும் தண்டவாளங்களும் மத்தியக் கிழக்குப் போர்முனைக்குக் கப்பலேறின. கிளைப் பாதைகள் பலவற்றைப் பெயர்த்தார்கள். போடிப் பாதையும் 1942-இல் மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. நம் ஜனங்களை யாராவது கேட்டார்களா என்றால், அக்காலத்தில் நம்மைக் கேட்டு எதுதான் நடந்தது? அந்த வருஷந்தான் தேசம் முழுவதும் வெள்ளையனை வெளியேறச் சொல்லிற்று. அவன் வெளியேற 1947 ஆயிற்று. தண்டவாளம் ஐந்து வருஷம் முந்திக்கொண்டது. 1950-களின் முற்பகுதியில்தான் பாதை மறுபடியும் போடப்பட்டது. ஆகையால் 1944-இல் போடி ஸ்டேஷனில் நிற்க ரயில் இல்லை. பலகையும் அப்படியே இருந்தது.

நண்பர் நம்மைத் திண்ணைக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என் அம்மா 1945-இல் காலமானாள். எனக்கு அப்போது ஆறு வயசு. அம்மாவைப் பற்றி எனக்கு இருக்கிற ஞாபகம் ஒன்றே ஒன்று. அதற்கு முந்தின வருஷம் சித்திரைத் திருவிழாவுக்குப் போடியிலிருந்து மதுரைக்கு என்னை ரயிலில் அழைத்துக்கொண்டு போனாள். கரிப் புகை கண்ணில் படாமல் முந்தானையால் என் முகத்தை மூடினாள். இந்த வயசு வரையில் அதை நினைத்துக்கொண்டுதான் தூங்கப் போகிறேன். இப்போது இந்தக் குழந்தை, அந்த வருஷத்தில் ரயிலே கிடையாது என்கிறாள். தண்டவாளத்தை எடுத்தால் எடுக்கட்டும். அந்த ரயிலில் என் அம்மா இருக்கிறாளே!"

நாம் என்ன பதில் சொல்வது? உள்ளே போய்ப் பேத்தியைத் தனியாகக் கூப்பிட்டோம். "அம்மா, தாத்தாவுக்காக அந்தப் பலகையில் ஒரு ரயிலை வைத்துவிடேன். கொலுதானே? யார் கேட்கப்போகிறார்கள்?" என்றோம்.

அவள் கண்ணில் நீர் தளும்பிற்று. "நானும் அப்படித்தான் நினைத்தேன், ஐயா. இரண்டு தடவை வைத்துக்கூடப் பார்த்தேன். ஆனால் அந்த ஒன்றை வைத்துவிட்டால், மற்ற நாலு பலகையை யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேனே!" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு முன்னால் நமக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. சௌகரியமான பொய்யைச் சிபாரிசு செய்ய நமக்கு ஒரு நிமிஷம் போதுமானதாக இருந்தது. அவளோ இரண்டு மாதமாக அதனோடு போராடியிருக்கிறாள்.

அன்று மாலை அவள் தாத்தாவின் அருகில் வந்து உட்கார்ந்தாள். தர்க்கம் ஒன்றும் செய்யவில்லை. நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "தாத்தா, அந்த ரயிலைப் பற்றி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதையெல்லாம் சொல்லுங்கள். நான் எழுதிக்கொள்கிறேன்" என்றாள்.

கிழவர் முகம் மலர்ந்தது. சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் கடைசியில் உட்கார்ந்திருந்தோம், நெருப்புச் சூடு முதுகில் அடித்தது என்றார். புறப்படுகிறதற்கு முன்னால் ஓர் ஆள் பின்பக்கத்தில் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்றென்று சுற்றினான் என்றார். பெரிய பீப்பாய் மாதிரி ஒன்று. அதற்குள் மூட்டையை அவிழ்த்துக் கரியைக் கொட்டினான். கணவாய் மேட்டில் வண்டி நின்றுபோயிற்று. எல்லாரும் இறங்கினோம். ஆண்பிள்ளைகள் தள்ளினார்கள். அம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு மேட்டில் நடந்தே ஏறினாள்...

இந்த இடத்தில் கிழவர் நிறுத்திவிட்டார். பேத்தியும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். இஞ்சின் ரயிலுக்கு முன்னால் அல்லவா இருக்கும்? பிரயாணிகள் இறங்கித் தள்ளுகிற ரயில் எங்கே உண்டு?

நமக்கு அப்போது பளிச்சென்று விளங்கிற்று. அது கரி பஸ்!

இளைய நேயர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பெரும் பஞ்சம். அப்போது பஸ்களின் பின்புறம் உயரமான உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக் கரியைப் போட்டு, போதிய காற்று விடாமல் எரிப்பார்கள். அதிலிருந்து கிளம்பும் வாயுவை வடிகட்டி இஞ்சினுக்குச் செலுத்தினால் பஸ் ஓடும். மதுரையில் டி.வி.எஸ். ஸ்தாபனத்தாரே அத்தகைய கருவியைச் செய்து விற்றார்கள். ஆனால் பெட்ரோலின் பலம் அதற்கு இல்லை. நெருப்பு பிடிப்பதற்குக் கையால் காற்றாடியைச் சுற்ற வேண்டும். சமதரையில் எப்படியோ போகும். மேடு கண்டால் பெருமூச்சு விட்டு நின்றுவிடும். ரயிலை எடுத்துவிட்ட பிறகு போடி ஜனங்களுக்கு வேறு கதி என்ன?

கிழவர் வெகு நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "ரயிலை மதுரையில் பார்த்தோம். பாலத்தின் மேல் நின்று அம்மா என்னைத் தூக்கிக் காண்பித்தாள்" என்றார். இந்த விஷயம் அதுவரை அவர் யாரிடமும் சொல்லாதது. அவருக்கே ஞாபகம் இல்லாதது. மதுரையில் பார்த்த ரயிலையும், வழியில் குடித்த கரிப் புகையையும் ஐந்து வயதுக் குழந்தை ஒன்றாக முடிந்து வைத்திருக்கிறது. எண்பது வருஷம் கழித்துப் பேத்தி அந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"இத்தனை நாளாக அம்மா ரயிலில் உட்கார்ந்துகொண்டே இருந்தாள்" என்றார் நண்பர். "இப்போதுதான் இறங்கி நடக்கிறாள்."

மறு நாள் இரண்டாவது பலகையில், தண்டவாளம் இல்லாத மேட்டுக்குப் பக்கத்துச் சாலையில், அட்டையில் செய்த ஒரு பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் ஒரு கறுப்பு உருளை. பஸ்ஸை விட்டு இறங்கி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு பெண். களிமண்ணில் செய்தது, இரண்டு சென்டிமீட்டர் உயரங்கூட இருக்காது. கொலுவில் இருந்த பொம்மைகளிலெல்லாம் அதுதான் சிறியது. வந்தவர்களெல்லாம், "ஸ்டேஷன் இருக்கிறதே, ரயில் எங்கே?" என்று கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நண்பரே எடுத்துக்கொண்டார். ரயில் ஏன் இல்லை, யார் எடுத்தார்கள், ஜனங்கள் எப்படிப் போனார்கள் என்று தமிழாசிரியர் தோரணையில் ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினார். 1935-ஆம் வருஷத்து அழகான ரயிலைப் பற்றி அவ்வளவு பேர் கேட்டதாகத் தெரியவில்லை.

சரித்திரம் என்றால் நாம் ராஜாக்களின் பட்டாபிஷேகத்தையும் யுத்தங்களையும் நினைக்கிறோம். வீட்டுக்கு எதிரே ஓடிய ரயிலின் சரித்திரத்தை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுவதில்லை. அது கண் முன்னே இருக்கிறதே என்று இருந்துவிடுகிறோம். ஒரு நாள் அது இல்லாமல் போகிறது. அப்புறம் ஞாபகமும் ஆசையும் சேர்ந்து ஒரு ரயிலை உண்டாக்கிவிடுகின்றன. அதில் தப்பான இஞ்சின் பூட்டியிருக்கும். பெட்டியில் தப்பான பெயர் எழுதியிருக்கும். ஓடாத வருஷத்திலும் ஓடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ரயிலைப் பறிகொடுத்த வருஷங்களை அந்த அழகான ரயில் மறைத்துவிடுகிறது. மேட்டில் நடந்து ஏறியவர்களையும் கூடவே மறைத்துவிடுகிறது.

ஆசைக்கு இடமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பேத்தியின் தம்பிக்கும் ஒரு பலகை கிடைத்தது. அதில் அவன் "கம்பம்" என்று ஒரு ஸ்டேஷன் கட்டி, பழைய வருஷத்து ஒய்.பி. இஞ்சினைக் கொண்டு வந்து நிறுத்தினான். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் அந்தப் பச்சைப் பள்ளத்தாக்கில் ரயில் ஒரு நாளும் ஓடியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து குமுளி மலையடிவாரம் வரை பாதை வேண்டும் என்று அங்குள்ள ஜனங்கள் வெகு காலமாகக் கேட்டுவருகிறார்கள். அக்காள் அந்தப் பலகையை ஆட்சேபிக்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள். அதன்படி பலகையின் ஓரத்தில் பையனின் கோணல் எழுத்தில், "இது இன்னும் வரவில்லை" என்று எழுதியிருந்தது. ஆறாவது பலகை சேர்ந்தால் இரட்டைப்படை ஆகிவிடுமே என்று பாட்டி கவலைப்பட்டாள். வராத ரயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று தீர்ப்பாயிற்று.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியிலும் பழைய புகைப்படங்கள் இருக்கும். தேதி குத்திய கெட்டி அட்டை டிக்கெட்டு ஒன்றிரண்டு இருக்கலாம். நைந்துபோன ரயில்வே கால அட்டவணைகூட இருக்கலாம். அவற்றை எடுத்துப் பின்புறத்தில் வருஷமும் ஊரும் எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த வண்டியில் போனீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள், வழியில் எங்கே நின்றது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் வருஷம் தப்பாயிருந்தால் உடனே மறுத்துப் பேசாதீர்கள். மேற்கொண்டு இரண்டு கேள்வி கேளுங்கள். தப்பான வருஷத்துக்குள்ளே சரியான பஸ் ஒன்று நின்றுகொண்டிருக்கலாம்.

நாம் தேனியை விட்டுப் புறப்பட்ட தினம் சென்னை எக்ஸ்பிரஸ் உண்டு. ஸ்டேஷனுக்குக் கிளம்பும்போது கொலுவைப் பார்த்தோம். ஐந்தாவது பலகையில் வண்டி வந்து நின்றிருந்தது.